ஏற்பு ஊசித் துண்டு

பலெர்மோ
11.01.2026

அன்பு மகள் சயந்தினிக்கு,

பலெர்மோ மாநகரின் முடிசூடாத பெரியப்பா நகுலேஸ்வரன் எழுதிக்கொள்வது. இஞ்சை நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாயிருக்கிறோம். அங்கை நீயும் மருமகன் கஜானனும், ஆறு கிழமை பொறுக்க மாட்டாமல் முந்திக்கொண்டு வந்து பிறந்த அந்தச் சின்ன மனுசனும் நலமாக இருக்க வேண்டும் என்று நம்முடைய பிள்ளையாரிடமும், இந்த ஊர் மலைமேல் இருக்கிற சாந்தா ரொசாலியா அம்மாளிடமும் தனித்தனியே மனுக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை பீலிக்ஸ் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். "ஆம்பிளைப் பிள்ளை" என்ற வரிக்கு வந்ததும், கடைக்குள் நின்ற எல்லாருக்கும் கனோலிப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். நின்றவர்கள் நாலு பேர். நான் நாற்பது என்று எழுதுகிறேன். நீ மற்றவர்களுக்குச் சொல்லும்போது நானூறு என்று சொல்லலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. பீலிக்ஸ் மன்னார்க்காரன், பொய் சொல்லப் பயப்படுகிறவன். "மாஸ்டர், நாலு பேர்தானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி என் மரியாதையைக் கெடுத்தான்.

போனில் எடுங்கோ என்று எழுதியிருக்கிறாய். போனில் நான் சொல்வதை எனக்கே நம்ப முடிவதில்லை மகள். கடதாசியில்தான் என் கதைகள் நிமிர்ந்து நிற்கும்.

விசயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பதினெட்டாம் திகதி பெரியப்பா உங்கள் நாட்டுக்கு எழுந்தருளுவதாக உத்தேசம். நான் பார்க்கிற கிழவி சின்யோரா ஆகத்தாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. மூன்று பாப்பரசர்களை அடக்கம் செய்துவிட்டு இன்னும் எஸ்பிரெசோ குடிக்கிறா. அவவின் மகள் பத்து நாள் வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறா. ஆகவே வருவேன், வந்து பிள்ளையைத் தூக்குவேன்.

உன்னை நான் தூக்கவில்லை. நீ பிறந்த அன்று பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டின் ஐந்தாம் மாடிப் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த முப்பத்தைந்து வருடத்தில் இந்தக் கைகள் தூக்காத பாரம் இல்லை. கிழவர்கள், கிழவிகள், பியானோ, ஒருமுறை ஒரு கழுதை. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றைத்தான் இன்னும் தூக்கவில்லை.

ஆசிகளுடன்,
உன் பெரியப்பா
(பலெர்மோவுக்கும் அதைச் சூழ்ந்த கடலுக்கும் அதிபதி)

*

பேர்கன்
25.01.2026

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கஜானனுக்கு வாசித்துக் காட்டினேன். கழுதை என்ற இடத்தில் சிரித்தார். நாங்கள் சுகம். விதுரன் பிறக்கும்போது ஒரு கிலோ தொள்ளாயிரம். இப்போது இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டான். பெயர் பிடித்திருக்கிறதா?

நீங்கள் வருவது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இவனுக்குச் சுவாசப்பை இன்னும் முற்றவில்லை. தூக்குகிற ஆட்கள் காய்ச்சல் ஊசியும், கக்குவான் இருமலுக்குப் போடுகிற குக்கல் ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்று தாதி சொன்னா. நான் அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டேன். போட்டதற்குத் துண்டு காட்ட வேண்டும். துண்டுகள் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கின்றன. கஜானனின் அப்பா கோபாலசிங்கம் மாமா, "நான் அறுபத்தெட்டு வருசம் இருமாத ஆள் பிள்ளை" என்றார். துண்டில்லாமல் பேரன் இல்லை மாமா என்றேன். அடுத்த நாள் பின்னேரம் சேட்டுக் கையை உருட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ஊரில் என்றால் முப்பத்தொன்று கழியும் வரைக்கும் வீட்டுக்கு ஆள் வராது. இங்கே டொக்டர் மூன்று மாதம் என்கிறார். ஆகவே எங்கள் வீட்டுத் துடக்கு இந்தமுறை தொண்ணூறு நாள், மஞ்சள் தண்ணீருக்குப் பதில் ஊசி.

குக்கல் ஊசி தனியாக இல்லையாம், ஆணி குத்தினால் போடுகிற ஏற்பு ஊசியும் அதற்குள் சேர்ந்துதான் வருகிறதாம். அப்பா எதால் போனார் என்று உங்களுக்குத் தெரியும். பங்கருக்குத் தகரம் தூக்கும்போது உள்ளங்கையை வெட்டியது. சண்டையால் ஊருக்கு வருகிற பாதை பூட்டியிருந்த வருடம். தேடின இடத்தில் எல்லாம் ஏற்பு ஊசி முடிந்திருந்தது. எட்டாம் நாள் அவரால் வாய் திறக்க முடியவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது, கரண்டியால் தண்ணீர் பருக்கப் பார்த்தது நான்தான். அதனால் இந்த ஒரு விசயத்தில் எனக்குப் பகிடி வராது. மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் விரும்பினபடி கதை விடலாம்.

உங்கள் ஊரிலும் இப்போது பார்மசியிலேயே போடுகிறார்களாம். போட்டுவிட்டுத் துண்டை அனுப்புங்கோ. டிக்கற்றை நாங்களே எடுக்கிறோம், பாஸ்போட் கொப்பி ஒன்றும் வையுங்கோ. இன்னொரு கேள்வி, நான் ஏன் எப்போதும் பீலிக்ஸ் அண்ணை கடை விலாசத்துக்கே எழுத வேண்டும்? உங்கள் வீட்டுக்குத் தபால் வராதா?

அன்புடன்,
சயந்தினி

*

பலெர்மோ
08.02.2026

அன்பு மகளுக்கு,

வெற்றி. பெரியப்பா போர்க்களம் சென்று மீண்டார். விதுரன் என்ற பெயர் மிகவும் பிடித்தது, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே களத்தில் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை கபோ சந்தைக்குள்ளால் நானும் பீலிக்ஸும் நடந்தோம். செய்தி முன்னமே பரவியிருந்தது. மீன்காரர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். அறுநூறு வருடத்தில் அந்தச் சந்தை வாய் மூடியது அன்றைக்குத்தான் என்று சொன்னார்கள். ஐஸ் கட்டிமேல் கிடந்த வாள்மீன் தலை ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

பார்மசிக்குள் ஒரு தொத்தொரேசா, மருந்துக்காரியை இஞ்சை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வெள்ளைக் கோட்டு, முப்பது வயதிருக்கும், ஒரு ராணியின் முகம். பின்னுக்கு ஒரு சின்ன அறை. ஒரு கதிரை, ஒரு திரைச்சீலை. ஊசியை எடுத்தா. பொலிதேயாமா அரங்கின் உச்சியில் வெண்கலக் குதிரைகள் நிற்கின்றனவே, அதில் நடுக் குதிரையின் வால் எவ்வளவு, அவ்வளவு. காய்ச்சல் ஊசி இடக்கையில், குக்கல் ஊசி வலக்கையில். நான் அசையவில்லை. பீலிக்ஸ்தான் சிலுவை போட்டான். ஒரு துளி இரத்தம் வந்தது, அதைப் பார்க்க வெளியே வரிசை நின்றது. பிறகு பதினைந்து நிமிடம் கதிரையில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றா. வாழ்க்கையில் முதல்முறையாகப் பதினைந்து நிமிடம் வேலையில்லாமல் இருந்தேன். அதுதான் வலித்தது.

துண்டும் தந்தார்கள். ஆனால், மகள், தெருவில் இறங்கியதும் சிறோக்கோக் காற்று எழுந்து அதைக் கையிலிருந்து பறித்துவிட்டது. வுச்சீரியாப் பக்கம் வரைக்கும் ஓடினேன். கடைசியாகக் கண்டபோது அது ஒரு புறாவின் அலகில் துனீசியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் வாய்ச்சொல்லைத் துண்டாக எடுத்துப் பிரிட்ஜில் ஒட்டு.

டிக்கற்றை நானே எடுத்துக்கொள்வேன். அதிபதிகள் தங்கள் கப்பலிலேயே வருவது வழக்கம். வீட்டுத் தபால்பெட்டியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, ஆகவே பீலிக்ஸ் கடையே நல்லது.

காயம்பட்ட வீரன்,
பெரியப்பா

*

பேர்கன்
20.02.2026

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சிறோக்கோ தெற்கிலிருந்து அடிக்கிற காற்று. தேடிப் பார்த்தேன். துண்டு துனீசியாப் பக்கம் போக வழியில்லை. புறாவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

துண்டு துலைந்தால் பார்மசியில் இன்னொன்று அச்சடித்துத் தருவார்கள் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குமுன் பீலிக்ஸ் அண்ணைக்குப் போன் எடுத்தேன். குறை நினைக்க வேண்டாம். நாங்கள் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணை, பெரியப்பா உண்மையா ஊசி போட்டவரோ?"

"ஓம் தங்கச்சி. ரெண்டு கையிலயும். நான் பக்கத்தில நிண்டனான்."

"துண்டைக் காத்துக் கொண்டுபோட்டுதாம்."

"காத்தோ? துண்டு அவற்ர சேட்டுப் பொக்கற்றுக்க கிடக்கு. கடைக்கு வாற நேரமெல்லாம் எடுத்துப் பாத்திட்டு வைக்கிறார்."

"அப்ப ஏன் எனக்கு அனுப்பேல்லை?"

"அது நான் சொல்லுற கதை இல்லை தங்கச்சி. அவரிட்டையே கேளுங்கோ. பாவம் மனுசன், சாப்பிடுறதும் குறைவு."

பெரியப்பா, ஊசி போடாமல் போட்டேன் என்று சொல்கிற ஆட்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியைப் போட்டுவிட்டுத் துண்டை ஒளிக்கிற ஆளை இப்போதுதான் காண்கிறேன். அந்தத் துண்டில் என்ன இருக்கிறது? ஏதாவது பெரிய வருத்தம் கண்டுபிடித்தார்களா? அப்படி இருந்தால் சொல்லுங்கோ.

எனக்குத் தெரிந்த பெரியப்பா இந்தக் கடிதங்கள் மட்டும்தான். அப்பா இருந்த காலத்தில் உங்கள் கடிதம் வந்தால் அவர் சத்தமாக வாசிப்பார், நாங்கள் உருண்டு சிரிப்போம். வாசித்து முடித்துவிட்டு அவர் மட்டும் கிணற்றடிக்கு எழும்பிப் போவார். ஏன் என்று கேட்டதில்லை.

துண்டு வராமல் பிள்ளையைத் தரமாட்டேன். கோபாலசிங்கம் மாமாவுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் வந்து, இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவதை என்னால் பார்க்க முடியாது. அதைவிட வராமல் விடுங்கோ.

சயந்தினி

*

பலெர்மோ
06.03.2026

மகள் சயந்தினிக்கு,

வருத்தம் ஒன்றும் இல்லை. துண்டு இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. முதலில் கடிதத்தை வாசி, பிறகு துண்டை விரி. இப்படிச் சொன்னால் நீ துண்டைத்தான் முதலில் விரிப்பாய். விரித்திருந்தால் அதில் உன் அப்பாவின் பெயரைக் கண்டிருப்பாய். பேரின்பநாயகம். பிறந்தது 1967. ஊசி போட்டது 06.02.2026. அச்சுப் பிழை அல்ல.

தொண்ணூற்றோராம் ஆண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து என்னை அனுப்பவிருந்த ஏஜென்சிக்காரன், இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால்தான் இந்த வழி சரிவரும் என்றான். எனக்கு முப்பத்தொன்று. தம்பிக்கு இருபத்துநாலு. அவனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கேட்டேன். "ஆறு மாசத்தில உன்னையும் எடுப்பிக்கிறன் பேரின்பம், அதுவரைக்கும் தா" என்றேன். அவன் பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்துவிட்டு, "கவனமாப் போட்டு வாங்கோ அண்ணை" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி பத்திரத்தில் போகாத வீடு குறைவு. சேட்டு மாற்றிப் போடுவதுபோலத்தான் நினைத்தோம்.

இஞ்சை வந்தபிறகு சேட்டைக் கழற்ற முடியவில்லை. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி அந்தப் பெயரில், வேலை அந்தப் பெயரில், வீட்டுக் கதவில் அந்தப் பெயர். பூனை, குட்டி ஒன்றும் இல்லை. பலெர்மோவில் நகுலேஸ்வரன் என்று ஒருவன் பதிவில் கிடையாது. உன் கடிதங்களிலும் பீலிக்ஸின் வாயிலும்தான் இருக்கிறான்.

தொண்ணூற்றேழில் உன் அப்பா எழுதினான். தனக்கும் வெளிக்கிட ஒரு வழி வந்திருக்கிறது, ஆனால் அவனுடைய பெயரில் ஏற்கனவே ஒரு பாஸ்போட் வெளிநாட்டில் நிற்கிறதாம், என்ன செய்யலாம் அண்ணை என்று கேட்டிருந்தான். உனக்கு நாலு வயது, உன்னையும் அம்மாவையும் பிறகு எடுப்பிக்கிற யோசனையும் எழுதியிருந்தான். நான் போய் உண்மையைச் சொல்லிப் பெயரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் என்னைப் பிடித்து அனுப்பியிருப்பார்கள். நான் மறுமொழி எழுதினேன். நாலு பக்கம். நாலு பக்கமும் எட்னா எரிமலையைப் பற்றி. அது வெடித்தபோது நான் தொப்பியால் நெருப்பை அணைத்த கதை. நீங்கள் உருண்டு சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான் ஊருக்கு வராதது இதனால்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் ஆராவது கேட்பார்கள் என்று முதலில் பயம். அவன் போனபிறகு முகமில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டது நான்.

பார்மசியில் நடந்ததில் ஒரு பகுதியை உனக்கு எழுதாமல் விட்டேன். தொத்தொரேசா என் தெசெராவை, அதுதான் மருத்துவ அட்டையை, வாங்கினா. கொம்பியூட்டரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"ஐம்பத்தெட்டோ?"

"ஓம்."

"கொஞ்சம் களைச்ச ஐம்பத்தெட்டு."

"வெயிலில வேலை செய்த உடம்பு" என்று பீலிக்ஸ் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே பொய், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பான்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கேட்டா. "இதுக்கு முந்தி ஏற்பு ஊசி எப்பவாவது போட்டிருக்கிறீங்களோ?"

எனக்குப் போட்டிருக்கிறது. எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளால் விழுந்து முழங்கால் கிழிந்தபோது. சொல்ல வாயைத் திறந்தேன். அவ கையில் இருந்த படிவத்தில் தம்பியின் பெயர் இருந்தது. கேட்டது அவனை.

"இல்லை" என்றேன்.

"ஒருக்காலும் இல்லையோ?"

"ஒருக்காலும் இல்லை. தேடினவை. கிடைக்கேல்லை."

அவவுக்கு விளங்கியிருக்காது. "பரவாயில்லை, இண்டைக்குத் தொடங்குவம்" என்று சொன்னா. முந்திப் போடாத ஆளுக்கு ஒன்று காணாதாம், மூன்று ஊசியாம். அடுத்தது இந்த மாதம் பத்தாம் திகதி. மூன்றாவது செப்டெம்பரில். ஊசி குத்தினது தெரியவில்லை. முன்பு எழுதிய குதிரை வால் பொய். ஒரு எறும்பு கடித்த அளவு. இவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இவ்வளவு சின்ன விசயம்.

துண்டை அச்சடித்துக் கையில் தந்தா. வாசலில் வைத்து வாசித்தேன். காற்று அடிக்கவில்லை. அன்றைக்கு பலெர்மோவில் காற்றே இல்லை.

பதினெட்டாம் திகதிக்கு டிக்கற் எடுத்திருக்கிறேன், அந்தப் பெயரில்தான். வர வேண்டாம் என்று நீ எழுதினால் கிழித்துப் போடுவேன். எழுதாமலே விட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

பெரியப்பா

*

பேர்கன்
29.03.2026

பெரியப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதுபோலத் துண்டைத்தான் முதலில் விரித்தேன். அதனால் கடிதத்தை வாசிக்க நாலு நாள் எடுத்தது. பதில் எழுத இவ்வளவு நாள்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "உன்ர பெரியப்பா இஞ்சை இருந்திருந்தா செத்தவையோட சேர்ந்து போயிருக்கும், அவர் அனுப்பின காசில்லாம நாங்களும் ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம்" என்றா. அம்மா உங்களுக்காகக் கதைக்கிறா. நான் கதைக்கவில்லை. அப்பா வெளிக்கிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். அதற்கு முடிவில்லை. இதையெல்லாம் வைத்து நீங்கள் ஒரு பகிடியும் எழுதாமல் விட்டது நல்லது. எழுதுவீர்கள் என்று பயந்துகொண்டுதான் வாசித்தேன்.

துண்டைப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். கோபாலசிங்கம் மாமா பால் எடுக்க வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஆர் பிள்ளை இது, பேரின்பநாயகம்?"

"அப்பா, மாமா."

"அவர்..." என்று தொடங்கியவர் திகதியைப் பார்த்தார். பாலை எடுக்காமலே போய்விட்டார்.

அப்பாவுடைய பெயரை நான் கடைசியாக எழுத்தில் பார்த்தது மரணப் பத்திரத்தில். அதுவும் கையெழுத்து, மையும் சரியில்லை. இது நல்ல அச்சு. சமைக்கும்போது கண் அங்கேதான் போகிறது. அவருடைய பெயருக்கு நேரே ஏற்பு ஊசி போடப்பட்டது என்று எழுதியிருக்கிறது. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அது வருகிறபோது எழுதுவேன். ஆனால் சட்டம் சட்டம்தான். ஊசி போட்டவர், துண்டு தந்தவர், பிள்ளையைத் தூக்கலாம். பதினெட்டாம் திகதி கஜானன் விமான நிலையத்துக்கு வருவார். நான் வீட்டில் இருப்பேன். வந்ததும் கையைக் கழுவிவிட்டு நேரே பிள்ளையிடம் போங்கோ. என்னோடு கதைக்கிறது ஆறுதலாகக் கதைக்கலாம், பத்து நாள் இருக்கிறதுதானே.

பத்தாம் திகதி இரண்டாவது ஊசி போட்டிருப்பீர்கள். துண்டு இன்னும் வரவில்லை. வரும்போது கொண்டு வாருங்கோ. செப்டெம்பர் ஊசியையும் விட வேண்டாம். உங்களுக்குத் தேவையில்லாத ஊசி என்று எனக்குத் தெரியும். எனக்கு மூன்று துண்டும் வேண்டும்.

இந்தக் கடிதத்தை பீலிக்ஸ் அண்ணை கடைக்கு அனுப்பவில்லை. உங்கள் வீட்டு விலாசத்தை அவரிடம் வாங்கினேன். கதவில் இருக்கிற பெயரைத்தான் உறையில் எழுத வேண்டும் என்றார். முதல் உறையில் கை பிழைத்துவிட்டது. இரண்டாவது உறையில் எழுதினேன்.

இப்படிக்கு,
பேரின்பநாயகம் சயந்தினி